குடியுரிமைத் தேர்வும் தமிழ்ச் சொல்லாட்சியும்

ஒரு நாட்டிற் பிறந்து அதன் குடியுரிமையை இயல்பாகவே பெற்றோரை, 'இந்நாட்டின் வரலாற்றையும் ஆட்சிமுறையையும் நீ அறிவாயோ?' என்று எந்த அலுவலரும் வினவுவதில்லை. வேற்று நாட்டினின்று வந்து குடியுரிமை வேண்டி நிற்போரே அவ்வினாவிற்கு ஆளாகின்றனர். இன்று பல நாடுகளில் இவ்வழக்கம் வேரூன்றியுள்ளது. கனடா 20 வினாக்களைக் கேட்டு 15க்கேனும் சரியான விடையை எதிர்பார்க்கின்றது. இங்கிலாந்தில் 24க்கு 18. செருமனியில் 33க்கு 17. இவற்றுள் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தேர்வையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம். அதற்குக் காரணம் ஒன்றுண்டு. அந்நாட்டுச் சட்டம், வயது முதிர்ந்து நெடுங்காலம் அங்கு வாழ்ந்தோர்க்கு ஆங்கில அறிவினின்று விலக்களித்து, வரலாறும் ஆட்சிமுறையும் பற்றிய வினாக்களுக்குத் தத்தம் தாய்மொழியிலேயே விடை கூற இடந்தருகின்றது. ஆதலின், தமிழையன்றிப் பிறமொழி அறியாத ஒருவர் தமிழிலேயே இத்தேர்வை எழுதாமல் வாயால் எதிர்கொள்ளும் நிலை உண்டாகின்றது. அங்ஙனம் எதிர்கொள்ளும்போது எந்தத் தமிழ்ச் சொல்லில் வினா அமைகின்றது, எந்தச் சொல்லில் விடை பிறக்கின்றது என்பது மொழிநூலார் கருதத்தக்க ஒரு பொருள் என்பது எம் துணிபு.

முதற்கண் தேர்வின் வரலாற்றைச் சுருங்க நோக்குவாம். 1790ஆம் ஆண்டின் முதற் குடியுரிமைச் சட்டம் அறிவைக் கேட்கவில்லை, நிறத்தைக் கேட்டது. அடிமையல்லாத வெள்ளையர் இரண்டாண்டு அங்கு வாழ்ந்து நன்னடத்தையும் உடையராயின் போதும் என்றது. 1795இல் அக்காலம் ஐந்தாண்டாக உயர்ந்தது. 1798இல் பதினான்காண்டாக நீண்டு, 1802இல் மீண்டும் ஐந்தாயிற்று. 1870இல் ஆப்பிரிக்க வழியினர்க்கும் இவ்வுரிமை விரிந்தது. அரசமைப்பின் கொள்கைகளில் பற்றுடைமை வேண்டும் என்ற விதி 1795 முதலே இருந்ததாயினும், பற்றுடைமைக்கு அறிவு முன்தேவையா என்பது தெளிவாக்கப்படவில்லை.

இவ்வையம் நீதிமன்றத்தில் எழுந்த வழக்கொன்று குறிப்பிடத்தக்கது. டெக்சாசு மாநிலத்துச் சான் அந்தோனியோ நகரில் வாழ்ந்த மெக்சிக நாட்டினரான ரிக்கார்டோ ரோட்ரிக்கேசு என்பார் குடியுரிமை வேண்டினார். அவர்க்கு எழுத்தறிவு இல்லை. அரசமைப்பின் கொள்கைகள் யாவை என வினவியபோது விளக்க அவரால் இயலவில்லை. எதிர்த்தோர் அவர்தம் நிறத்தையும் கல்லாமையையும் ஒருங்கே காட்டித் தடுத்தனர். நீதிபதி மாக்சி 1897இல் அளித்த தீர்ப்பில், அவர் அமைதியும் உழைப்பும் உடையவர், சட்டத்திற்கு அடங்கி நடப்பவர் என்பதைக் கண்டு குடியுரிமை வழங்கினார். கொள்கையைச் சொல்லால் விளக்க மாட்டாதவன் அதனை வாழ்க்கையாற் காட்டக்கூடும் என்ற கருத்து அத்தீர்ப்பில் அடங்கியிருத்தல் வெளிப்படை. பின்வந்த சட்டங்கள் இக்கருத்தைக் கைவிட்டன. 1906ஆம் ஆண்டுச் சட்டம் ஆங்கிலம் பேசும் ஆற்றலை வேண்டியது. 1950ஆம் ஆண்டின் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் ஆங்கிலத்தில் எழுதவும் படிக்கவும் தெரிதலையும், அந்நாட்டு வரலாறு, ஆட்சிமுறை ஆகியவற்றின் அடிப்படைகளை அறிதலையும் கட்டாயமாக்கியது. 1952இன் சட்டத்தில் அது 312ஆம் பிரிவாக நிலைபெற்று இன்றளவும் நின்று வருகின்றது.

இந்தியர்க்கு இக்கதவு திறந்த வகையும் அறியத்தக்கது. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் பணிபுரிந்த பஞ்சாபியரான பகத் சிங் திந்து என்பாரின் வழக்கில், இந்தியர் 'வெள்ளையர்' என்ற சொல்லுள் அடங்கார் என 1923இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் முன்னரே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர் சிலர் அதனை இழக்கவும் நேர்ந்தது. எவ்வளவு வரலாறு கற்றிருப்பினும் அக்காலத்து இந்தியர் ஒருவர்க்கு அக்கல்வி பயன்படாது. 1946இல் இயற்றப்பட்ட சட்டமே இத்தடையை நீக்கிற்று. அதன்வழி 1949இல் குடியுரிமை பெற்ற தலீப் சிங் சௌந்து 1956இல் கலிபோர்னியாவிலிருந்து பிரதிநிதிகள் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். ஆசியருள் வாக்களிக்கும் உறுப்பினராக அச்சபை புகுந்த முதல்வர் அவரே.

அறிவைத் தகுதியாக்குதல் எப்போதும் நற்பயன் தருமோ எனின், அந்நாட்டு வரலாறே அதற்கு எதிர்ச்சான்று தருகின்றது. மிசிசிப்பி மாநிலம் 1890இல் வகுத்த தன் அரசமைப்பில், வாக்காளராக விரும்புவோர் அரசமைப்பின் எப்பகுதியையும் படிக்கவோ, படிக்கக் கேட்டுப் பொருள் கூறவோ வல்லராதல் வேண்டும் என விதித்தது. பொருள் சரியா என முடிவு செய்யும் அதிகாரம் பதிவு அலுவலரிடம் இருந்தது. கறுப்பின மக்களை வாக்குச்சாவடியினின்று விலக்கவே இவ்விதி கையாளப்பட்டது. 1965இன் வாக்குரிமைச் சட்டத்தாலும் அதன் பின்வந்த திருத்தங்களாலுமே இத்தகைய தேர்வுகள் ஒழிந்தன. 1975இல் தடை நிலையானதாயிற்று. எனவே, குடிமை அறிவைச் சோதித்தல் என்பது கேட்பவனுடைய நோக்கையும் கேட்கும் முறையையும் பொறுத்துக் கதவாகவும் அமையும், சுவராகவும் அமையும். வினாவின் சொல்லமைப்பை யாம் இத்துணைக் கருத்துடன் நோக்குவதற்கு இதுவே காரணம்.

இன்றைய நடைமுறை வருமாறு. 2008 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த தேர்வில் 100 வினாக்கள் முன்னரே வெளியிடப்பட்டன. அவற்றுள் பத்தை அலுவலர் வாய்மொழியாகக் கேட்பார். ஆறு சரியாயின் தேர்ச்சி. 2020 திசம்பரில் வினாக்கள் 128 ஆயின; இருபது கேட்டுப் பன்னிரண்டு வேண்டப்பட்டது. 2021 மார்ச்சில் அது கைவிடப்பட்டுப் பழைய தேர்வே மீண்டது. 2025 அக்டோபர் 20ஆம் நாள் முதல் விண்ணப்பிப்போர்க்கு மீண்டும் 128 வினாக்களும், இருபதுக்குப் பன்னிரண்டு என்ற அளவும் வந்துள்ளன. தவறினோர்க்கு மற்றொரு வாய்ப்பு உண்டு. நிலையான குடியிருப்பு உரிமையுடன் இருபது ஆண்டு வாழ்ந்த ஐம்பது வயதினரும், பதினைந்து ஆண்டு வாழ்ந்த ஐம்பத்தைந்து வயதினரும் ஆங்கிலத் தேர்வு இன்றி மொழிபெயர்ப்பாளர் துணையுடன் தம் மொழியில் விடை கூறலாம். அறுபத்தைந்து வயதும் இருபதாண்டு வாழ்வும் உடையோர்க்குக் குறியிடப்பட்ட இருபது வினாக்களே பாடம். பத்துக் கேட்டு ஆறு வேண்டப்படும். முதியோர் இத்தேர்வை நாடுதற்கு உணர்ச்சி ஒன்றே காரணமன்று. 1996இல் இயற்றப்பட்ட நலவுதவிச் சட்டம், வறிய முதியோர்க்கான அரசுதவியைப் பெரும்பாலும் குடியுரிமை உடையோர்க்கே வரையறுத்தது. எனவே ஒரு சொல்லைத் தவறாக உணர்வதன் விலை சிறிதன்று.

இனி வினாவின் இயல்பை நோக்குவாம். நன்னூலார் வினாவை அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என ஆறாகப் பகுத்தார். அமெரிக்க அலுவலர் ஒரே அறையில், ஒரே அமர்வில் இருவகை வினாக்களைத் தொடுக்கின்றார். 'நாட்டின் தலையாய சட்டம் யாது?' என்பது அறிவினா. விடை அவர் கையிலுள்ள தாளிலேயே உளது. ஆசிரியன் மாணாக்கனை வினவுதல் போன்றது. 'எப்போதேனும் சிறைப்பட்டதுண்டோ? எந்நாடுகளுக்குச் சென்று வந்தீர்?' என்பன அறியாவினா. விடை வினவப்பட்டவரிடமே உளது. அதற்கு மனப்பாடம் கூடாது. இவ்வேறுபாட்டை முதியோர்க்கு முன்னரே உணர்த்தாமற்போயின், அறியாவினாவிற்கு ஏதோ ஒரு 'சரியான' விடையைத் தேடித் தடுமாறுவர். அறிவினாவிற்கோ தம் கருத்தை விரித்துரைப்பர். உள்நாட்டுப் போருக்கு இட்டுச் சென்ற சிக்கல் ஒன்றைக் கூறுக என்ற வினாவிற்கு அடிமைமுறை, பொருளியற் காரணங்கள், மாநில உரிமைகள் என்ற மூன்றும் 2008ஆம் ஆண்டுப் பட்டியலில் விடைகளாக ஏற்கப்பட்டன. இம்மூன்றும் ஒரே நிறையுடையன என வரலாற்று மாணவர் எவரும் ஒப்பார். எனினும் அறிவினாவில் வாதத்திற்கு இடமில்லை. இதனைக் குறையெனச் சொல்வதா, தேர்வுக்குரிய எளிமையெனச் சொல்வதா என்பதில் அறிஞர் வேறுபடலாம். எமக்குக் குறையாகவே தோன்றுகின்றது.

வினாவிடை வடிவில் நூல் செய்தல் தமிழுக்குப் புதிதன்று. 1579இல் கொச்சியில் அச்சேறிய 'கிரிசித்தியானி வணக்கம்' வினாவிடை அமைப்பினதே. நாவலர் பெருமானின் 'சைவ வினாவிடை' பலரும் அறிந்தது. இவ்வடிவின் பண்பு, விடை என்றும் மாறாமல் நிற்றலாகும். குடியுரிமைத் தேர்விலோ விடைகள் சில தேர்தலுக்குத் தேர்தல் மாறுவன. இப்போதைய அதிபர் யார், உம் மாநில ஆளுநர் யார் என்பனவற்றின் விடையைச் சென்ற ஆண்டுச் சிறுநூலிலிருந்து கற்றவர் தவறுவர். மாறும் விடையை உடைய வினாவே குடியாட்சியின் இயல்பை மற்றெவ்வினாவினும் நன்கு உணர்த்துவது என்பது எம் கருத்து. ஆயினும் பயிற்றுவோர் அதனைத் தொல்லையெனவே கருதிக் கடந்து செல்கின்றனர்.

இனிச் சொற்களுக்கு வருவோம். 'கூட்டரசின் சட்டங்களை இயற்றுவது யாது?' என்பதற்குக் 'காங்கிரசு' என்பது விடை. தமிழகத்து முதியவர் செவியில் அச்சொல் ஒரு கட்சியின் பெயராகவே ஒலிக்கும். அவர் விடையை ஒப்புவித்துத் தேர்ச்சியும் பெறுவர். ஆனால் அந்நாட்டில் ஒரு கட்சியே சட்டம் இயற்றுகிறது என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் தங்கிவிடவும் கூடும். மதிப்பெண் கிடைத்தும் பொருள் கிடையாத நிலை இது. 'அமெரிக்க நாடாளுமன்றமாகிய காங்கிரசு' என ஒருமுறை விரித்துக் கூறுதல் போதியது.

இதனினும் இடர் மிக்கது நீதிமன்றப் பெயர். தமிழகத்தில் உச்சநீதிமன்றம் என்பது நாடு முழுமைக்கும் தலையாயது. உயர்நீதிமன்றம் அதற்குக் கீழ்ப்பட்டது. இலங்கைத் தமிழிலோ நாட்டின் தலையாய மன்றத்திற்கே உயர் நீதிமன்றம் என்று பெயர். அதனினும் தாழ்ந்ததை மேல் நீதிமன்றம் என்பர். யாழ்ப்பாணத்து முதியவர் ஒருவர், நாட்டின் மிகவுயர்ந்த நீதிமன்றம் யாது என்ற வினாவிற்கு, 'உயர் நீதிமன்றம்' என முற்றும் சரியாகவே விடை கூறுகின்றார் எனக் கொள்வோம். மொழிபெயர்ப்பாளர் தமிழகத்தவராயின், 'ஐகோர்ட்டு' என்ற பொருள்பட ஆங்கிலத்தில் உரைப்பார். அலுவலர் அதனைத் தவறெனக் குறிப்பார். அறிந்தவர் அறியாதவராகி விடுகின்றார், பிழை எவருடையது? இருவரும் தத்தம் தமிழில் பிழையற்றே பேசினர். தமிழ் ஒன்றாயினும் அதன் ஆட்சிச் சொற்கள் இரு நாடுகளின் அலுவலகங்களில் தனித்தனியே உருவாயின என்பதை மொழிபெயர்ப்பாளர் உணர்ந்திருத்தல் வேண்டும்.

நாட்டுத் தலைவரைக் குறிக்கும் சொல்லும் இத்தகையதே. குடியரசுத் தலைவர் என்று மொழிபெயர்ப்பின், இந்தியத் தமிழர் அமைச்சரவையின் அறிவுரைப்படி இயங்கும் ஒருவரையே மனத்திற் கொள்வர். ஆட்சியை நேரே நடத்துபவர் என்ற பொருள் தோன்றாது. மேலும், 2025 தேர்வில் 'இந்நாட்டின் ஆட்சிவகை யாது?' என்ற வினாவிற்குக் 'குடியரசு' என்பது ஏற்கத்தக்க விடைகளுள் ஒன்று. தலைவர் பெயரிலேயே விடை ஒளிந்திருப்பது நகைப்பிற்குரியது. 'அதிபர்' என்னும் சொல் செய்தித்தாள்களாற் பரவியுள்ளது, அதுவே தக்கது. இலங்கைத் தமிழர்க்குச் 'சனாதிபதி' என்பது இடர்தாராது. அந்நாட்டில் 1978 முதல் ஆட்சியதிகாரம் உடைய தலைவரே அப்பெயரால் அறியப்படுகின்றார். 'செயலர்' என்பதும் நோக்கத்தக்கது. நம் நாட்டில் செயலர் அமைச்சர்க்குக் கீழ்ப்பட்ட அலுவலர். அங்கோ துறைத் தலைவராய் அமைச்சரவையில் அமர்பவர். 'வெளியுறவு அமைச்சர்' போன்ற வழக்குகளே பொருளை உணர்த்தும்.

முதற் பத்துத் திருத்தங்களின் தொகுதிக்கு ஆங்கிலத்தில் அமைந்த பெயரில் 'பில்' என்ற சொல் உளது. இதனை 'உரிமை மசோதா' எனப் பெயர்ப்பார் உளர். மசோதா என்பது இன்னும் சட்டமாகாத முன்வரைவு. 1791இல் ஏற்கப்பட்டு இரண்டு நூற்றாண்டிற்கு மேலாக நின்று நிலவும் உரிமைகளை முன்வரைவு என்றல் பொருந்தாது. 'உரிமைச் சாசனம்' எனல் அமையும். திருத்தம் என்ற சொல்லிலும் ஓர் ஊறு உண்டு. பிழை திருத்துதல் என்ற பொருளே நமக்கு முன்னிற்கும். பேச்சுரிமையும் சமய உரிமையும் அரசமைப்பில் எந்தப் பிழையையும் நீக்க வந்தனவல்ல, அதனுடன் சேர்க்கப்பட்டவை. அரசமைப்பில் செய்யும் மாற்றமோ சேர்ப்போ திருத்தம் எனப்படும் என்பதே 2008ஆம் ஆண்டுத் தேர்வு வேண்டிய விடை. 'திருத்தம்' என்ற சொல் மாற்றத்தை எளிதில் உணர்த்திச் சேர்ப்பை மறைத்துவிடுகின்றது. ஆதலின் 'சேர்ப்பு' என்பதைத் தனியே கற்பித்தல் இன்றியமையாதது.

கூட்டாட்சியின் நடுவில் நிற்கும் அரசை மத்திய அரசு, நடுவணரசு, ஒன்றிய அரசு எனத் தமிழகத்தில் பலவாறு வழங்குகின்றனர். ஒவ்வொரு சொற்பின்னும் ஓர் அரசியல் நிலை உளது. மலேசியத் தமிழர் 'கூட்டரசு' என்பர். மாநிலங்கள் கூடி அமைத்த அரசு என்ற வரலாற்றுக்கு இதுவே நெருங்கியது என்பதால் மேலே யாம் அதனையே ஆண்டோம்.

எல்லாவற்றினும் ஆழமான சிக்கல் 'குடி' என்ற வேரில் உளது. திருக்குறளின் இறைமாட்சி அதிகாரத்தில் அரசன் உடைமைகளாக எண்ணப்பட்ட ஆறனுள் குடியும் ஒன்று. அங்குக் குடி என்பது ஆளப்படுவது. குடிமை என்ற பெயரில் அமைந்த அதிகாரமோ உயர்குடிப் பிறப்பின் பண்பைப் பேசுகின்றது. பிற்கால வழக்கில் ஊர்த்தொழில் செய்வோரைக் குடிமக்கள் என்றனர். யாழ்ப்பாணத்தில் அடிமை, குடிமை என்ற இரட்டைச் சொல், வழிவழியாகப் பிறர்க்குத் தொண்டு செய்யக் கடமைப்பட்டோர் நிலையைக் குறித்தது. இன்று 'குடிமை உரிமை' என நாம் பெருமிதத்துடன் வழங்கும் தொடரில், உரிமையின்மையைச் சுட்டிய ஒரு சொல்லே உரிமைக்கு அடையாகி நிற்கின்றது. ஒரு சொல் இவ்வாறு தன் பழம்பொருளுக்கு நேர்மாறாக நிமிர்ந்தது தமிழ்ச் சொல்வரலாற்றில் தனியே ஆராயத்தக்கது. 'பிரசை' என்னும் வடசொல்லும் இதற்கு விலக்கன்று. மக்கட்பேறு, ஆளப்படுவோர் என்பனவே அதன் பொருள். இலங்கையில் 'பிரசாவுரிமை' என்ற சொல் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் மலையகத் தமிழர் பல இலக்கத்தவர் நாடற்றோராகிய வரலாற்றைத் தாங்கியது. அச்சட்டம் அவர்தம் அறிவைச் சோதிக்கவில்லை. தந்தையும் பாட்டனும் பிறந்த இடத்திற்குச் சான்று கேட்டது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பின்னரே எஞ்சியோர் சிக்கல் தீர வழி பிறந்தது.

இவ்வேர்ச்சொல்லின் நுட்பம் தேர்விலும் வெளிப்பட்டது. செனட்டு உறுப்பினர் யார்க்குப் பிரதிநிதி என்ற வினாவிற்கு 2008ஆம் ஆண்டுப் பட்டியல் 'மாநிலத்தின் மக்கள் அனைவர்க்கும்' என விடை தந்தது. 2020ஆம் ஆண்டுப் பட்டியல் 'தம் மாநிலத்தின் குடியுரிமையாளர்க்கு' என மாற்றியது. அம்மாற்றம் கடுமையாகக் கண்டிக்கப்பட்டது. மக்கள் என்பதற்கும் குடிமக்கள் என்பதற்கும் இடையே தமிழிற் பேச்சு வழக்கில் வேற்றுமை மிகக் குறைவு. மேடைப் பேச்சாளர் ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைப்பர். ஆயினும் அவ்விரண்டிற்கும் இடையிலுள்ள தொலைவே விண்ணப்பித்து நிற்கும் அம்முதியவரின் நிலை. அவர் மக்களுள் ஒருவர். குடியுரிமையாளருள் இன்னும் ஒருவரல்லர். வினாவை மொழிபெயர்ப்போர் குடிமக்கள் என்ற சொல்லைத் தளர்வாகக் கையாளுதல் ஆகாது. சட்டப்பொருள் வேண்டுமிடத்துக் 'குடியுரிமை உடையோர்' என்றே கூறுதல் நன்று.

தேர்ச்சி பெற்றோர் இறுதியில் உறுதிமொழி ஏற்கின்றனர். ஆங்கிலம் அறியாதோர்க்கு அதுவும் மொழிபெயர்க்கப்படும். முன்பு ஆளப்படுபவராகவோ குடியுரிமையாளராகவோ தாம் சார்ந்திருந்த வேற்று வேந்தன், வேற்று நாடு ஆகியவற்றின்பால் உள்ள பற்றைத் துறப்பதாக அதன் முதற்பகுதி அமைந்துள்ளது. ஆங்கிலத்தில் அவ்விரு நிலைக்கும் வெவ்வேறு வேர்ச்சொற்கள் உள; ஒன்று முடியாட்சியின் கீழ் வாழ்ந்தவனைக் குறிப்பது, மற்றது குடியாட்சியில் உரிமையுடையவனைக் குறிப்பது. தமிழில் குடி, பிரசை என்ற எச்சொல்லை எடுப்பினும் அது இரண்டனையும் ஒருங்கே தழுவிக்கொள்ளும். மொழிபெயர்ப்பாளர் ஒரே சொல்லை இருமுறை கூறி நிற்க நேரும். முன்னதற்கு 'ஆட்சிக்குட்பட்ட குடி' என்றும், பின்னதற்குக் 'குடியுரிமை உடையவர்' என்றும் வழங்கலாம் என்பது எம் பரிந்துரை.